கிராஃப் தாளுக்குள் நான் வைத்த சீட்டு

தம்பி,

கோயம்புத்தூரில் சாப்பாடு எப்படி, லாட்ஜில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். அப்படி ஆரம்பித்தால் அப்படியே முடித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். எட்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூரில், ரேவதி வீட்டுக் கூடத்தில், உன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ படித்த பிறகு ரேவதியிடமும் கொடு. அவளுக்கும் புரியவேண்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாக எழுதுகிறேன்.

அவள் அப்பா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். "தம்பி பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சேர்ந்தீங்கன்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் முடிக்கல?" என்றார். நான் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்திருந்தேன். நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "முதல் வருஷம் பிராக்டிகல்ல காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டேங்க. அதோட விட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அவர், "ஒளிக்காம சொல்றீங்களே, அதுவே போதும்" என்று தானும் சிரித்தார். ரேவதி சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய எதையாவது வைத்திருந்தால் பேச வேண்டியதில்லை பார்.

நீ காப்பி அடிக்கவில்லை. அன்று பிடிபட்ட சீட்டை எழுதியது நான். உன் கையில் சேர்த்ததும் நான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டில் ஒரு நாளாவது இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா? நான் மூன்று நான்கு தடவை ஆரம்பித்திருக்கிறேன். நீ "விடும்மா, பஸ் வருது" என்பாய். பஸ் வரவில்லை என்றாலும் அதையேதான் சொல்வாய். போனில் பேசினாலும் அப்படித்தான் வெட்டிவிடுவாய் என்பதால்தான் கூரியரில் அனுப்புகிறேன். காகிதத்தை வெட்டிப் பேச உன்னால் முடியாது.

நீ காலேஜில் சேர்ந்த அந்த முதல் செமஸ்டரை நினைத்துப் பார்க்கிறேன். நான் அதே காலேஜில், அதே பிசிக்ஸ் லேபில் உதவியாளர். வெர்னியரையும் திருகு அளவியையும் எண்ணி எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைப்பதுதான் என் வேலை. அந்தச் சாமான்களின் பெயரும் எடையும் எனக்கு அத்துப்படி, அவை எதற்கு என்றுதான் அப்போது தெரியாது. நீயோ பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். மெக்கானிக்ஸ் வகுப்பில் மேடம் ஆங்கிலத்தில் நடத்துவதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, சாயங்காலம் அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்குவாய். நான் வெங்காயம் உரிப்பேன். "அம்மா, இனெர்ஷியான்னு சொல்றாங்களே, அது நம்ம நிலைமம்தாம்மா!" என்று ஏதோ தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டுபிடித்ததுபோல் கத்தினாய். காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிற பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டு நாம் எல்லோரும் முன்னால் சாய்ந்தால், கூட்டத்துக்குள்ளிருந்து "நிலைமம்!" என்று எனக்குக் கண்ணால் சொல்வாய். எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது.

ஒரு நாள் வகுப்பில் மேடம் 'மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா' என்றால் என்ன என்று கேட்க, நீ எழுந்து 'நிலைமத் திருப்புத்திறன்' என்று ஆரம்பித்துவிட்டாய். வகுப்பே சிரித்ததாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை, லேபில் பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "சிரிச்சாங்கம்மா. ஆனா நான் சொன்னது சரி" என்றாய். முகம் வாடியிருந்தது. ஆனாலும் அன்றைக்கும் நோட்டை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாய்.

லிஃப்ட் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? லிஃப்ட் மேலே கிளம்பும்போது உள்ளே நிற்கிறவரின் எடை கூடியதுபோல் இருக்கும், கீழே இறங்கத் தொடங்கும்போது குறைந்ததுபோல் இருக்கும் என்று எனக்கு விளக்கினாய். நீ அதுவரை லிஃப்டில் ஏறியதே கிடையாது. நான் ஏறியிருக்கிறேன். நீ ஏழாவது படித்தபோது, உன் அப்பாவை ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்களே, அந்த ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுதான் இறங்கினேன். "அன்னிக்கு எனக்கு எடை குறைஞ்ச மாதிரி தெரியலையேடா" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டாகத்தான் வாயில் வந்தது. நீ புத்தகத்தை மூடிவிட்டு, என் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி நீயே நறுக்கினாய். இன்றைக்கு ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டிக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் திரிகிறாய். நீ எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் எனக்கு அந்தச் சாயங்காலம்தான் கண்ணில் நிற்கிறது.

இப்போது ரேவதிக்காக லேப் வழக்கத்தைச் சொல்லவேண்டும். அம்மா ரேவதி, கூட்டு ஊசல் என்று ஒரு சோதனை இருக்கிறது. வரிசையாகத் துளை போட்ட ஒரு இரும்புப் பட்டையைச் சுவரில் பதித்த பிராக்கெட்டில் மாட்டி ஆடவிட்டு, எத்தனை ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு துளைக்கும் அளந்து, கிராஃப் போட்டு, பூமியின் ஈர்ப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் பாதிப் பேர் பட்டையை ஒழுங்காக ஆடவிடுவதுகூட இல்லை. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவார்கள். ரீடிங்கைச் சமைப்பது என்று அதற்குப் பெயரே உண்டு. வாத்தியார்களுக்கும் தெரியும். ரெக்கார்ட் நோட்டில் விடை சரியாக இருந்தால் கையெழுத்து விழும். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், ஒருவருக்கும் உறுத்தியதில்லை.

உனக்குத்தான் உறுத்தியது, தம்பி. லேபில் மூன்று ஊசல்கள். மூன்றாம் நம்பரில் உனக்கு ஒன்பது புள்ளி மூன்றுதான் வந்தது. இரண்டு வாரம் திரும்பத் திரும்ப எடுத்தாய். அப்புறம் ஒரு நாள் வீட்டில் வந்து, "அம்மா, மூணாம் நம்பர் பிராக்கெட் சுவத்துல லூசா இருக்கு. பட்டை ஆடுறப்ப அதுவும் கூட ஆடுது. அதனாலதான் குறையுது. சொல்லி சரி பண்ணுங்கம்மா" என்றாய். லேபைப் பற்றிப் பேசினால் மட்டும் எனக்கு 'ங்க' போடுவாய். நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால், அது ஆடுகிறது என்று எனக்கு முந்தின வருஷமே தெரியும். பழுது ரிஜிஸ்தரில் எழுதினால் எப்போது ஆனது, யார் செய்தது, இதுவரை ஏன் எழுதவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்த நேரம் சாமான் கணக்கைச் சரிபார்க்க ஆள் வருவதாகவும் இருந்தது. எல்லோரும்தான் சமைக்கிறார்களே, எந்த பிராக்கெட் ஆடினால் யாருக்கு என்ன என்று விட்டுவிட்டேன். என் மகன் ஒருவன் உண்மையாகவே அளந்துகொண்டிருக்கிறான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பரீட்சை அன்று சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். உனக்குக் கூட்டு ஊசல், மூன்றாம் நம்பர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பான மனிதர். நீ ஒரு முறை முழுக்க அளந்து முடித்தாய். குறைகிறது என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்துவிட்டு, முதல் துளையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாய். பக்கத்தில் எல்லோரும் கிராஃப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கடிகாரத்தைப் பார்க்கிறேன், உன்னைப் பார்க்கிறேன். என் மேஜையில் ஒரு பழைய நோட்டு உண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் வாத்தியார்கள் சொன்ன சரியான ரீடிங் எழுதி வைத்தது. எடுத்தேன், மூன்றாம் நம்பருக்கு உள்ளதை ஒரு சீட்டில் எழுதினேன். நீ கை தூக்கி கிராஃப் தாள் கேட்டபோது தாளை இரண்டாக மடித்து, சீட்டை உள்ளே வைத்து, உன் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தால் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

நீ தாளைப் பிரித்ததும் சீட்டு கீழே விழுந்தது. தேர்வாளர் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தார், குனிந்து எடுத்தார். "என்ன இது?" என்றார். நீ சீட்டைப் பார்த்தாய். என் எழுத்து உனக்குத் தெரியாதா? உன் பள்ளி நோட்டுக்கெல்லாம் லேபிள் எழுதியது யார்? தலை நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். நான் கிராஃப் தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். "என்னுது சார். நான்தான் எழுதிக்கிட்டு வந்தேன்" என்றாய். அவர் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். மேடம் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தாளில் என்னென்னவோ எழுதி உன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தம்பி. வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன். அப்பா இல்லாத வீடு, நான் சம்பாதித்தால்தான் உலை வைக்கலாம் என்று அப்போதும் சொல்லிக்கொண்டேன், பிறகும் பல தடவை சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். அதுவும் உண்மை.

அன்று சாயங்காலம் ஒன்றாகத்தான் பஸ்ஸில் வந்தோம். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மத்தியானம் சாப்பிட்டியாம்மா?" என்பது. அதற்கு நீ என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அந்த செமஸ்டர் பேப்பர் எல்லாம் ரத்து, ஒரு வருஷம் பரீட்சை எழுதக்கூடாது என்று கடிதம் வந்தது. ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்திருக்கலாம்தான். நானும் சொன்னேன். "அந்த லேபுக்குள்ள நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிக்கணுமா? வேணாம்மா" என்று லிஃப்ட் கம்பெனியில் ஹெல்பராகப் போய்ச் சேர்ந்தாய். மெக்கானிக்ஸ் புத்தகத்தை மட்டும் நீ யாருக்கும் கொடுக்கவில்லை. நீ இல்லாதபோது எடுத்துப் பார்ப்பேன். ஓரம் முழுக்கப் பென்சிலில் உன் தமிழ். பாதிப் புத்தகத்துக்கு மேல் ஓரம் வெறுமையாக இருக்கிறது. அங்கே வந்ததும் மூடி வைத்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. முதல் தடவை பயத்தில் ஊமையாக நின்றேன், போகட்டும். இரண்டாம் தடவை எதற்கு? அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. யாரும் என்னை ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. ஆனாலும் உட்கார்ந்து பஜ்ஜி தின்றேன். அப்படியானால் எனக்குப் பயம் மட்டும் இல்லை, வழக்கமே ஆகிவிட்டது. நீ பழியைச் சுமப்பது எனக்கு வசதியாகப் பழகிவிட்டது. இதை எழுதும்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் வேலையாக ரிஜிஸ்தரில் பிராக்கெட்டைப் பற்றி எழுதினேன். கொத்தனார் வந்து சுவரைக் கொத்தி சிமென்ட் வைத்துப் பதித்துவிட்டுப் போனார். கால் மணி நேர வேலை. அவர் போன பிறகு லேபில் யாரும் இல்லை, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அழுதேன். பிறகு முதல்வரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் புதியவர். படித்துவிட்டு, "அந்த வருஷத்துக் காகிதமே இப்ப இல்லையேம்மா. ரிட்டையர் ஆகிற நேரத்துல எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆபீசில் இனி மாற்ற ஒன்றும் இல்லை. உனக்குப் பட்டம் திரும்பி வராது என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் வெளியே வந்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். உன் மெக்கானிக்ஸ் மேடம் ஓய்வு பெற்று அங்கேதான் உத்தர வீதியில் இருக்கிறார். "வாம்மா, உள்ள வந்து உக்காரு" என்று பக்கத்தில் உட்காரவைத்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார். "லேப்ல இருக்கற ஒவ்வொரு பெட்டி மேலயும் உன் எழுத்துதானே ஒட்டியிருக்கு. சீட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுடுத்து. அவனே ஒத்துண்டான். நான் வாயைத் திறந்தா உன் வேலையும் போயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன். பெருமாளைச் சேவிக்கப் போறப்போல்லாம் அந்தக் கொழந்தை மொகம் வரது" என்றார். இன்னொன்றும் சொன்னார். நீ பரீட்சைக்கு முன்னால் ஒன்பது புள்ளி மூன்று என்றே எழுதி, பிராக்கெட் ஆடுவதுதான் காரணம் என்றும் எழுதி, ரெக்கார்டைக் கையெழுத்துக்குக் கொண்டு போனாயாமே? "நான் என்ன பண்ணினேன் தெரியுமா? திரும்ப எழுதிண்டு வான்னு அனுப்பிச்சேன். என் சர்வீஸ்ல அப்படி ஒரு ரெக்கார்ட் நான் பாத்ததில்லை. கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. உன்னைச் சுற்றிப் பெரியவர்கள் என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் உன்னைக் கைவிட்டோம்.

கல்யாணத்துக்கு முன்னால் தாய் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். உனக்கு நான் என்ன சொல்ல? பிறருக்காகப் பழியை ஏற்றுக்கொள்வதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதே. நீ அன்று செய்தது எனக்கு உதவி இல்லை என்று சொல்லமாட்டேன், அதில்தான் எட்டு வருஷம் சோறு தின்றேன். ஆனால் அதன்பிறகு உனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. போன வருஷம் தென்னூரில் லிஃப்ட் கதவில் விரல் நசுங்கியதே, பத்து நாள் என்னிடம் மறைத்தாய். கேட்டதற்குச் சுத்தியல் பட்டது என்றாய். நான் வருத்தப்படக் கூடாதாம். ரேவதியிடம் இப்படிச் செய்யாதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல். அவள் தப்பு செய்தால் தப்பு என்று சொல், நீயே ஏற்றுக்கொண்டு சிரிக்காதே. கூட இருக்கிறவளை நீ பேசாமல் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் அவளும் ஒரு நாள் என்னைப்போல் வாயில் எதையாவது அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்று காலை எடமலைப்பட்டி புதூர் போய்வந்தேன். உன்னிடம் கேட்காமல் போனேன். கேட்டால் விடமாட்டாய். ரேவதியும் அவள் அப்பாவும் இருந்தார்கள். "அண்ணே, என் பையன் காப்பி அடிக்கல. அந்தச் சீட்டை எழுதிக் குடுத்தது நான்தான். அவன் எனக்காகப் பொய் சொன்னான்" என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். "தம்பி மேல தப்பு இல்லங்கிறது சந்தோஷம்தான். ஆனா நீங்க அன்னிக்கு எங்க முன்னாடியும் பேசாம உக்காந்திருந்தீங்களேம்மா. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? அந்த வீட்டுப் பெண் இனி என்னோடுதானே இருக்கவேண்டும். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்கும் நான்தான் காரணம். அதையும் தெரிந்தேதான் வாசல் படி ஏறினேன், தம்பி. என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டு. இந்தத் தடவை "விடும்மா" என்று மட்டும் சொல்லாதே.

ரேவதி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். பஸ் வந்து நான் ஏறும் நேரத்தில், "அத்தை, நீங்க வந்தது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். "எழுதுங்க. அது போய்ச் சேரட்டும். ரெண்டு நாள் கழிச்சு நானே அவருக்குப் போன் பண்ணிக் கேக்குறேன். அவரு வாயால கேக்கணும் எனக்கு" என்றாள்.

அவள் கூப்பிடுவாள். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, என்னை நல்லவனாக்கப் பார்க்குறாங்க, தப்பு என்னுதுதான் என்று அதே சிரிப்போடு சொல்வாய். வேண்டாம், தம்பி. உங்க அம்மா சொன்னது உண்மையா என்று அந்தப் பெண் கேட்டால், ஆமாம் என்று சொல்.

அம்மா